வினாக்கொத்தின் வரலாறு: பொது மருத்துவத்தில் உளநோயைத் தேடிய முயற்சிகள் பற்றிய ஒரு நோக்கு

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கிருமியைக் கண்டவர், தடுப்பூசியைக் கண்டவர், கதிர்ப்படத்தைக் கண்டவர் என அவ்வரலாறு பெயர்களை நிரற்படுத்திச் செல்லும். ஒரு தாளில் அச்சிடப்பட்ட சில வினாக்கள் அந்நிரலில் இடம்பெறுவதில்லை. ஆயினும் வயிற்றுவலிக்கும் தலையிடிக்கும் மருந்து வேண்டி வெளிநோயாளர் பிரிவின் வாங்கிற் காத்திருக்கும் ஒருவரிடம், அண்மைக் காலத்தில் அவருடைய நித்திரை எப்படி, மனம் எப்படி என எழுத்திற் கேட்டு, விடைகளுக்குப் புள்ளியிடும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் உலகின் பல நாடுகளுக்குப் பரவிற்று. இவ்வழக்கம் யாருடைய தேவைக்காகத் தோன்றியது, எக்கைகளின் வழியாக மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தது, விடை கிடைத்தபின் என்ன செய்யப்பட்டது என்பனவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயை முறையிடாதவரிடத்தும் நோய் உண்டோ எனத் தேடும் இம்முறையை 'ஸ்கிரீனிங்' என்பர். நாம் ஈண்டு அதனைச் சலித்தறிதல் எனக் குறிப்போம். சல்லடை என்ற உருவகம் மூலச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. சல்லடையைக் கையாள்பவர் எல்லாரும் ஒரே நோக்குடன் அதனைக் கையாள்வதில்லை. அரிசியைச் சலிப்பவர் கல்லை எறிகிறார். மணலைச் சலித்து மாணிக்கம் தேடுபவரோ கல்லை வைத்துக்கொண்டு மணலை எறிகிறார். உளநோய் பற்றிய வினாக்கொத்து முதலிற் கல்லை எறிவதற்காகவே ஆக்கப்பட்டது.

அதன் பிறப்பிடம் வைத்தியசாலையன்று, பாசறை. முதலாம் உலக யுத்தத்தில் ஐக்கிய அமெரிக்கா இறங்கிய 1917ஆம் ஆண்டில், குண்டதிர்ச்சிக்கு ஆளாகக்கூடியோரை முன்கூட்டியே அறிந்து விலக்க வேண்டுமென இராணுவம் கருதியது. கொலம்பியா பல்கலைக்கழக உளவியலாளர் றொபேட் வூட்வேத் 'ஆம்', 'இல்லை' என விடை கூறத்தக்க நூற்றுக்கு மேற்பட்ட வினாக்களைத் தொகுத்தார். அவை பரந்த அளவிற் பயன்படுமுன்னரே யுத்தம் முடிந்துவிட்டது. ஒவ்வொருவரையும் ஒரு மருத்துவர் இருந்து விசாரிக்க நேரமில்லை. எனவே தாள் விசாரிக்கட்டும் என்ற எண்ணமே அதன் அடியில் இருந்தது. நேரமின்மையின் பிள்ளையாகப் பிறந்த இக்கருவி, பின்னர் எங்கு சென்றாலும் அப்பிறவிக் குணத்தை உடன்கொண்டே சென்றது என்பதை மேல்வருவன காட்டும்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது இம்முயற்சி மிகப்பெரும் அளவில் மீண்டும் நடைபெற்றது. 1940இல் ஹரி ஸ்ராக் சலிவன் போன்ற உளமருத்துவர்கள் ஆட்சேர்ப்புக்கான திட்டத்தை வகுத்தனர். பலவீனரை முன்னரே நீக்கிவிட்டால் யுத்தகளத்தில் மனமுறிவு குறையும் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. நடைமுறையிலோ, ஓர் இளைஞனின் மனநிலையை மதிப்பிடுவதற்குப் பல நிலையங்களிற் கிடைத்த நேரம் இரண்டொரு நிமிடங்களே. உளநோய், நரம்புத் தளர்ச்சி முதலிய காரணங்களின் பேரில் பதினேழு இலட்சத்துக்கும் அதிகமானோர் தள்ளப்பட்டனர். தற்பாற் சேர்க்கையும் அக்காலத்தில் நோயாகக் கணிக்கப்பட்டு, விலக்கும் காரணங்களுள் ஒன்றாயிற்று. இவ்வாறு தள்ளப்பட்டவனுக்கு எவ்விதச் சிகிச்சையும் வழங்கப்படவில்லை. அவன் கையில் ஒரு முத்திரையுடன் ஊருக்குத் திரும்பினான்.

எதிர்பார்த்தது நடந்ததா? இல்லை. இத்துணை பேரைக் கழித்த பின்னரும் அமெரிக்கப் படையினரிடையே மனமுறிவு முதலாம் யுத்தத்தினும் இரண்டு மூன்று மடங்கு மிகுந்து காணப்பட்டது. ஆட்பற்றாக்குறை நெருக்கவே, 1944இல் இச்சலித்தெடுப்பு கைவிடப்பட்டது. முன்னர் தள்ளப்பட்டுப் பின்னர் எடுக்கப்பட்ட ஏறத்தாழ இரண்டாயிரம் பேரை யுத்தத்தின் பின் ஆராய்ந்தபோது, அவர்களில் ஐந்தில் நால்வர் அளவில் திருப்திகரமாகவே கடமையாற்றியிருந்தமை தெரியவந்தது. 1946இல் ஆப்பெல், பீபே என்ற இரு ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரை இன்னும் ஆழமானது. முன்னணிக் காலாட்படைவீரன் எவனாயினும் ஏறத்தாழ 200 முதல் 240 வரையான போர்நாட்களில் தேய்ந்து போகிறான் என அவர்கள் கணித்தனர். காரணம் தனிமனிதனின் பலவீனத்தில் மட்டுமன்று, அவன் நிறுத்தப்பட்ட நிலைமையிலும் உள்ளது என்பதே இதன் பொருள். உளநோயின் சமூக வேர்களைப் பற்றிப் பேசுவோர் இக்கட்டுரையைப் போதிய அளவு மேற்கோள் கொள்வதில்லை என்பது எமது அபிப்பிராயம். சமூகவியலாளர் நாற்பது நூல்களிற் கூறியதை இராணுவம் தன் செலவிலேயே நிரூபித்திருந்தது.

யுத்தம் முடிந்ததும் வினாக்கொத்து பாசறையை விட்டுப் பொதுமக்களிடம் வந்தது. 1949இல் வெளியான கோர்ணெல் மருத்துவச் சுட்டி 195 வினாக்களைக் கொண்டது. நியூயோர்க் வைத்தியசாலையின் நோயாளர் வைத்தியரைக் காணுமுன் அதனை நிரப்பினர். 1962இல் வெளிவந்த நடுநகர் மான்ஹாட்டன் ஆய்வு, தாம் விசாரித்தோருள் 18.5 வீதமானோரே உளநலத்துடன் இருந்தனர் என்றும், 23.4 வீதமானோர் வாழ்க்கை பாதிக்கப்படும் அளவுக்கு நலிவுற்றிருந்தனர் என்றும் கூறிப் பெரும் சர்ச்சையைக் கிளப்பிற்று. ஐந்தில் நால்வர் நலமற்றவர் எனின் நலம் என்ற சொல்லுக்கே பொருள் என்ன என்ற கேள்வி எழுந்தது நியாயமே. ஆனால் அவ்வாய்வின் மற்றொரு முடிவை எள்ளுவோர் மறந்துவிடுகின்றனர். வறியோரிடையே நலிவு மிகுதியாகவும், செல்வரிடையே சிகிச்சை மிகுதியாகவும் இருந்தன.

இவ்வரலாற்றின் மிக வளமான பகுதி இலண்டனுக்கு உரியது. 1948இல் பிரித்தானியாவில் தேசிய சுகாதார சேவை தொடங்கப்பட்டபோது ஏறத்தாழ ஒவ்வொரு குடிமகனும் ஒரு பொது வைத்தியரின் பதிவேட்டில் இடம்பெற்றான். கட்டணம் செலுத்த இயன்றோர் மட்டும் வைத்தியரை நாடும் நாட்டில், வருவோரை எண்ணலாமேயன்றி வராதோரை எண்ணவியலாது. நோயின் வீதத்தைக் கணிக்க வேண்டிய பகுதியெண் அங்கே இல்லை. பிரித்தானியாவிலோ அப்பகுதியெண் பதிவேட்டிலேயே இருந்தது. இலவச மருத்துவம் ஏழைக்குச் செய்த நன்மை பலரும் அறிந்தது. அது விஞ்ஞானத்துக்குச் செய்த நன்மை குறைவாகவே பேசப்படுகின்றது.

இவ்வாய்ப்பை உணர்ந்தவர் இலண்டன் உளமருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்த மைக்கல் ஷெப்பேர்ட். உளநோய் என்றால் நகருக்கு வெளியே மதில் சூழ்ந்த மனநோய் வைத்தியசாலை என்ற எண்ணமே அன்று ஓங்கியிருந்தது. ஷெப்பேர்டும் அவரது துணைவரும் இலண்டனின் 46 பொது வைத்தியர் நிலையங்களில், ஏறத்தாழ 15,000 பேரை ஓராண்டுக் காலம் தொடர்ந்து ஆராய்ந்து 1966இல் தம் நூலை வெளியிட்டனர். ஓராண்டில் நூற்றுக்குப் பதினான்கு பேர் பெரிதும் உளம் சார்ந்த ஒரு குறைபாட்டுக்காக ஒருமுறையேனும் தம் வைத்தியரைக் கண்டிருந்தனர். அவர்களுள் இருபதில் ஒருவர் அளவிலேயே உளமருத்துவரிடம் அனுப்பப்பட்டனர். அதாவது, உளமருத்துவம் என்ற துறை தன் கண்முன் கண்டு கோட்பாடுகள் வகுத்த நோயாளர் கூட்டம், முழுக் கூட்டத்தின் ஒரு விளிம்பே. இதிலிருந்து ஷெப்பேர்ட் எடுத்த முடிவு அவருடைய சகபாடிகளுக்கு உவப்பாக இருந்திராது: உளமருத்துவ நிலையங்களைப் பெருக்குவதிலும், குடும்ப வைத்தியரின் கரத்தைப் பலப்படுத்துவதே தலையாய தேவை என்றார்.

ஆயினும் ஒரு சிக்கல் எஞ்சியது. ஒரு வைத்தியர் தம் நோயாளரில் மிகச் சிலரிடமே உளநோயைக் கண்டார். அதே நகரின் மற்றொருவர் பலமடங்கு அதிகமானோரிடம் கண்டார். வேறுபட்டது நோயாளரா, வைத்தியரின் கண்ணா? இதற்கு விடை காணவே ஷெப்பேர்டின் நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் கோல்ட்பேர்க் தம் பொதுச் சுகாதார வினாக்கொத்தை உருவாக்கினார். பாசறையிலிருந்து வந்த தாள் இங்குதான் தன் நோக்கை மாற்றிக்கொண்டது. விலக்குவதற்கன்றி, விடுபட்டோரைக் கண்டெடுப்பதற்கு அது பயன்படலாயிற்று.

1970இல் கோல்ட்பேர்க்கும் பிளாக்வெல்லும் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் திருப்புமுனை எனலாம். ஒரு வைத்திய நிலையத்துக்கு அடுத்தடுத்து வந்த 553 பேர் வினாக்கொத்தை நிரப்பினர். வைத்தியரின் கணிப்பு ஒருபுறம், விரிவான உளமருத்துவ நேர்காணல் மறுபுறம் என ஒப்பிட்டபோது, உளநலம் குன்றியோருள் மூன்றில் ஒரு பங்கினரை வைத்தியர் இனங்காணவில்லை என்பது வெளியாயிற்று. இவர்களின் நோயை ஆய்வாளர் 'மறைந்த' உளநோய் என அழைத்தனர். இச்சொல்லாட்சியை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். மறைத்தவர் யார்? வயிற்றுவலி என்று வந்த பெண் எதையும் ஒளித்தாளல்லள். கேட்கப்பட்டபோது தாளில் அனைத்தையும் எழுதினாள். அவளிடம் கேட்கப்படவில்லை என்பதே உண்மை. கேளாமையைக் கேட்கப்படாதவரின் இயல்பாக மாற்றிவிடும் ஆற்றல் கலைச்சொற்களுக்கு உண்டு.

கோல்ட்பேர்க்கின் வினாக்களிலும் ஒரு குறை இருந்தது. அது நுணுகி நோக்கத்தக்கது. அவை ஒருவரின் இன்றைய நிலையை அவருடைய வழக்கமான நிலையோடு ஒப்பிடச் சொல்கின்றன. துன்பத்தைச் சுட்டும் வினா ஒன்றுக்கு 'வழக்கத்திலும் கூடவில்லை' என விடையளித்தால் மூலமுறைப்படி புள்ளி கிடையாது. அண்மையிற் கலங்கியவர் இதில் அகப்படுவார். பத்து ஆண்டுகளாக நித்திரையற்றவர், துயரமே வழக்கமாகிப் போனவர், இச்சல்லடையின் கண்ணூடாக வழுவிவிடக்கூடும். 1985இல் குட்சைல்ட், டங்கன்-ஜோன்ஸ் ஆகியோர் இதனைச் சுட்டிக்காட்டிப் புள்ளியிடும் முறையைத் திருத்த முனைந்தனர். நெடுங்கால வறுமையிலும் யுத்தத்திலும் வாழ்ந்த சமூகங்களில் இவ்வினாக்களைப் பெயர்த்துப் பயன்படுத்துவோர் முதலில் நினைவிற்கொள்ள வேண்டியது இதுவே. அங்கே 'வழக்கம்' என்பது எதனைக் குறிக்கும்?

1980இல் கோல்ட்பேர்க்கும் ஹக்ஸ்லியும் எழுதிய நூல் இச்சிதறிய உண்மைகளை ஒரு படமாக்கிற்று. ஆயிரம் பேர் கொண்ட சமுதாயத்தில் ஓராண்டில் 250 பேருக்கு உளநலக் குறைபாடு தோன்றும். அவருள் 230 பேர் ஏதோவொரு காரணத்துக்காகப் பொது வைத்தியரிடம் செல்வர். வைத்தியர் 140 பேரிடமே அதனை உணர்வார். 17 பேர் உளமருத்துவச் சேவையை அடைவர். உளமருத்துவமனையில் அனுமதிக்கப்படுவோர் ஆறு பேர். ஒவ்வொரு படிக்கும் இடையே ஒரு வடிகட்டி உண்டு என்பது நூலாசிரியரின் விளக்கம். இவ்வெண்களில் எம்மைக் கவர்வது இறுதியிலுள்ள ஆறன்று. 230இலிருந்து 140க்கு இறங்கும் படியே. தொண்ணூறு பேர் வைத்தியரின் முன்னால், அதே அறையில், அதே கதிரையில் அமர்ந்திருந்தும் காணப்படாது எழுந்து போயினர்.

ஏன் காணவில்லை? மான்செஸ்ரரில் வைத்தியரின் நேர்காணல்களை அவதானித்த மார்க்ஸ், கோல்ட்பேர்க், ஹில்லியர் ஆகியோர் 1979இல் வெளியிட்ட முடிவுகள் எளிமையானவை. நோயாளியின் முகத்தைப் பார்த்தல், குறுக்கிடாது கேட்டல், கூறப்பட்டதைப் பற்றி மேலும் வினாவுதல் முதலிய பழக்கங்கள் உள்ள வைத்தியர் அதிகம் கண்டனர். இதற்கு நேரம் வேண்டும். 1950கள் தொட்டுப் பொது வைத்தியரோடு இணைந்து பணியாற்றிய மைக்கல் பாலின்ற், வைத்தியரே ஒரு மருந்து என வாதிட்டவர். அவரது மறைவின் பின் அவருடைய வழிவந்தோர் 1973இல் வெளியிட்ட நூலின் தலைப்பு, நோயாளிக்குரிய ஆறு நிமிடங்களைப் பற்றியது. மருந்து என்று சொல்லப்பட்டவரின் அளவு ஆறு நிமிடம்.

இதற்கிடையில் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் ஆகியோர் 1968இல் சலித்தறிதலுக்கான பத்து விதிகளை வகுத்திருந்தனர். கண்டறியும் நோய்க்கு ஏற்கத்தக்க சிகிச்சை இருத்தல் வேண்டும், அச்சிகிச்சைக்கான வசதிகள் கைக்கெட்டியனவாக இருத்தல் வேண்டும் என்பன அவற்றுள் அடங்கும். உளநோயைப் பொறுத்தவரை இவ்விதிகள் பல்லாண்டுகளாக மேற்கோளாகவே நின்றன.

வறிய நாடுகளில் நிலைமை யாது? 1975ஆம் ஆண்டளவில் உலக சுகாதார நிறுவனம் கொலம்பியா, இந்தியா, சூடான், பிலிப்பைன்ஸ் ஆகிய நான்கு நாடுகளில் ஒரு கூட்டாய்வைத் தொடங்கிற்று. இந்தியாவில் அது சண்டிகாரை அடுத்த ராய்ப்பூர் ராணி என்னும் ஹரியானாக் கிராமப் பகுதியில் நடைபெற்றது. எழுத வாசிக்கத் தெரியாதோருக்குச் சுகாதார ஊழியரே வினாக்களை வாசித்துக் காட்டினர். 1980இல் வெளியான முடிவின்படி, ஆரம்ப சிகிச்சை நிலையங்களுக்கு வந்த 1,624 பேரில் 13.9 வீதமானோருக்கு உளநோய் இருந்தது. இலண்டனின் எண்ணுக்கு இது வெகுதூரத்தில் இல்லை. அவர்களுட் பெரும்பாலோர் தலையிடி, வயிற்றுவலி, இருமல், பலவீனம் என்றே வந்தனர். ஊழியர் கண்டது மூன்றில் ஒரு பங்கையே. மனநோய் நாகரிக நாடுகளின் ஆடம்பரம், ஏழை விவசாயிக்கு அதற்கு அவகாசமில்லை என்ற காலனித்துவக் காலக் கற்பனை இத்துடன் வீழ்ந்தது. 1978இன் அல்மா-ஆட்டா மாநாட்டுப் பரிந்துரைகள் ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பில் உளநலத்தையும் சேர்த்துக்கொண்டமைக்கு இத்தகைய முயற்சிகளும் பின்னணியாகும்.

1980களின் பின் களம் மீண்டும் அமெரிக்காவுக்கு மாறியது; வினாக்கொத்தைக் கையிலெடுத்தோரும் மாறினர். மருந்துக் கம்பனிகளுக்கு இத்துறையில் இருந்த ஆர்வம் புதியதன்று. மனச்சோர்வுற்ற நோயாளியை எவ்வாறு இனங்காண்பது என 1961இல் பிராங் அய்ட் எழுதிய நூலின் 50,000 பிரதிகளை மேர்க் கம்பனி வாங்கி வைத்தியருக்கு வழங்கியமையை டேவிட் ஹீலி எடுத்துக்காட்டியுள்ளார். அமித்ரிப்திலின் என்ற மருந்தை விற்பனைக்குக் கொண்டுவந்த கம்பனி அது. 1990களில் இத்தொடர்பு மேலும் நெருக்கமாயிற்று. அமெரிக்க உளமருத்துவத்தின் 1980ஆம் ஆண்டு நோய்ப்பாகுபாட்டு நூலைத் தலைமைதாங்கி ஆக்கிய றொபேட் ஸ்பிற்சரும் துணைவரும், ஃபைசர் கம்பனியின் நிதியுடன் 1994இல் ஒரு கருவியையும், 1999இல் அதன் எளிய வடிவத்தையும் வெளியிட்டனர். அதன் மனச்சோர்வுப் பகுதியே 2001இல் பி.எச்.கியூ-9 என்ற பெயரில் உலகெங்கும் பரவிய ஒன்பது வினாக்கள். சேர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மருந்து அக்காலத்தில் ஃபைசரின் உற்பத்தியாக இருந்தது. வினாவும் விடையும் ஒரே களஞ்சியத்திலிருந்து வந்தன. 2010இல் அக்கம்பனி வினாக்கொத்தை யாவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என அறிவித்தது.

இதைக்கொண்டு கருவியே பொய் என முடிவுகட்டுவது அவசரமாகும். எம்மவரிற் சிலர் அவ்வவசரத்தை முற்போக்கு என எண்ணுகின்றனர். 2019இல் வெளியான பெருந்தொகுப்பாய்வு ஒன்று, பத்துப் புள்ளியை எல்லையாகக் கொண்டால் இவ்வினாக்கள் நோயுள்ளோரில் 88 வீதத்தினரைக் கண்டுகொள்கின்றன, நோயற்றோரில் 85 வீதத்தினரைச் சரியாக விடுவிக்கின்றன எனக் காட்டிற்று. ஒன்பது வினாக்களுக்கு இது நல்ல தேர்ச்சியே. ஆனால் எண்களைச் சற்று இயக்கிப் பார்ப்போம். ஆயிரம் பேரில் நூறு பேருக்கு நோய் உண்டு எனக் கொள்வோம். தாள் சரியாகச் சுட்டுவோர் 88 பேர். மீதி 900 பேரில் தவறாகச் சுட்டப்படுவோர் 135 பேர். தாள் கைகாட்டிய 223 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்நோயற்றோர். அவர்களைப் பிரித்தறிய ஒருவர் இருந்து பேச வேண்டும். பேச நேரமில்லாத இடத்தில் மருந்துச்சீட்டு பேசும். தாளின் குற்றம் என்று இதனைக் கூறுவதற்கில்லை.

அரசுகளும் ஆலோசனைக் குழுக்களும் இக்கேள்வியிலேயே தடுமாறின. அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் குழு 2002இல் வயது வந்தோரிடையே மனச்சோர்வைச் சலித்தறியப் பரிந்துரைத்தது. ஆனால் நோயை உறுதிசெய்யவும் சிகிச்சையளிக்கவும் தொடர்ந்து கவனிக்கவும் ஏற்பாடுள்ள நிலையங்களிலேயே எனக் கட்டுப்பாடும் விதித்தது. கனடாவின் குழுவோ 2013இல் வழமையான சலித்தறிதல் வேண்டாம் என்றது. பிரித்தானியாவில் 2006 முதல் நீரிழிவு, இதயநோய் உடையோரிடம் இரு வினாக்கள் கேட்கும் வைத்தியருக்குப் புள்ளியும் பணமும் வழங்கப்பட்டன. வினா கேட்கப்பட்டதா என்பதைக் கணினி பதிந்தது. எவ்வாறு கேட்கப்பட்டது என்பதை அது பதியவில்லை. 2013இல் அவ்வூக்கத்தொகை நீக்கப்பட்டது.

பயன் கண்ட முயற்சிகள் எவை என நோக்கின், தாளுக்குப் பின்னால் ஆட்களை நிறுத்தியவையே. 2002இல் அமெரிக்காவில் 18 சிகிச்சை நிலையங்களில் 1,801 முதியோரிடையே நடைபெற்ற ஆய்வில், ஒரு பிரிவினருக்கு அவர்களைத் தொடர்ந்து கவனிக்கும் தாதியோ உளவியலாளரோ நியமிக்கப்பட்டார். பன்னிரண்டு மாதங்களின் பின் அவர்களுள் 45 வீதமானோரின் அறிகுறிகள் பாதியளவாவது குறைந்திருந்தன. வழமைச் சிகிச்சை பெற்றோரில் இது 19 வீதம்.

எமக்கு இன்னும் அணித்தான சான்று கோவாவினது. விக்ரம் பட்டேலும் துணைவரும் 2010இல் முடிவுகளை வெளியிட்ட அவ்வாய்வில், அரசாங்க நிலையங்கள் பன்னிரண்டும் தனியார் நிலையங்கள் பன்னிரண்டும் எடுத்துக்கொள்ளப்பட்டன. வந்தோரைச் சலித்தறியப் பயன்பட்டது கோல்ட்பேர்க்கின் பன்னிரு வினாக்களே. சுட்டப்பட்டோருடன் பேசியவர் உளமருத்துவரல்லர். மருத்துவப் பட்டம் பெறாத, சில வாரப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். அரசாங்க நிலையங்களில், பேச எவரும் இல்லாதிருந்த கூட்டத்தின் நடுவே, இவ்வேற்பாடு தெளிவான பயனைத் தந்தது. தனியார் நிலையங்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அங்கே அதே வைத்தியர் அதே நோயாளியை ஆண்டாண்டாகக் கண்டு, பெயர் சொல்லி விசாரித்து வந்தமையும் இதற்கு ஒரு காரணமாகலாம் என ஆய்வாளர் கருதினர்.